கருக்குழாய்

கருப்பையின் மேல்முனைகள் இரண்டிலிருந்தும் சினைப்பைகளை நோக்கி நீளும், ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். இத்தாலிய உடற்கூற்றியலாளர் கபிரியேலே ஃபலோப்பியோ 1561இல் விரிவாக விவரித்ததால் ஃபலோப்பியன் குழாய் என்றும் பெயர். கருமுட்டை செல்லும் வழி என்று மட்டும் இதைச் சொல்வது போதாது. குழாயின் வாய் சினைப்பையோடு இணைந்திருப்பதில்லை. முட்டை வெளிப்படும் வேளையில் அதன் விரல் போன்ற விளிம்புகள் சினைப்பைமேல் படர்ந்து முட்டையை வாரி எடுக்கின்றன. ஒருபக்கச் சினைப்பையும் மறுபக்கக் குழாயும் மட்டுமே எஞ்சிய பெண்களும் இயல்பாகக் கருவுற்றிருப்பது இதற்கு வலுவான சான்று. அகன்ற பகுதியில் விந்தணு முட்டையோடு சேர்ந்தபின், நுண்மயிர்களின் அசைவும் தசைச் சுருக்கமும் சுரப்புநீரும் சேர்ந்து, பிளவுபடும் கருவைப் பேணி, 3 அல்லது 4 நாட்களில் கருப்பையில் சேர்க்கின்றன. அதற்குள் கருப்பையின் உட்சுவர் கரு பதிவதற்கு ஆயத்தமாகிவருகிறது. தொற்றால் தழும்பேறிய குழாயில் கரு சிக்கினால் அங்கேயே பதிந்துவிடலாம். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

1978இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஆகவே குழாய் இன்றியமையாததன்று என்று வாதிடலாம். ஆனால் அங்கே குழாயின் வேலை மறையவில்லை, கை மாறியது. முட்டையை எடுக்க ஊசியும், கருவைப் பேண ஊட்டக்கரைசலும் சீரான வெப்பமும், கருப்பையில் சேர்க்க மருத்துவரின் கையும் தேவைப்பட்டன.