செத்த மாடும் பாறும் நாமும்

சூழலியல் பேசுகிறவர்கள் 'இயற்கைச் சமநிலை' என்று அடிக்கடி சொல்கிறார்கள். ஒரு காலத்தில் இருந்ததாம், கெட்டுப்போனதாம், மீட்க வேண்டுமாம். அந்தச் சமநிலையின் பாரம் யார் தலையில் இருந்தது என்று மட்டும் கேட்பதில்லை. பாறு என்கிற பறவையின் அழிவை வைத்து அந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

சங்கப் பாடல்களில் பாறு என்றும் எருவை என்றும் வருகிற இனம் இது. ஊர் வழக்கில் பிணந்தின்னிக் கழுகு. செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்த பறவைக்கு இந்தப் பேர். செத்த மாட்டைத் தூக்கி ஊரைச் சுத்தமாக வைத்த சனத்துக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவில் கிடக்கிற வாழப்பாடிச் சமவெளி கிணற்று வெள்ளாமைப் பூமி. மின்மோட்டார் வருமுன் கவலை ஏற்றம்தான். மாடு இல்லாமல் தண்ணீர் இல்லை. தோல் இல்லாமல் கவலை இல்லை. சாலின் அடியில் தும்பிக்கைபோலத் தொங்கிய தோல், மாட்டுக்கு வார், பண்ணையக்காரர் காலுக்குச் செருப்பு, சாவுக்கு அடிக்கிற தப்பு எல்லாமே அருந்ததியர் கையால் ஆனவை.

மாடு செத்தால் வளவுக்கு ஆள் வரும். "மாடு கெடக்குது, வந்து இழுத்துக்கிட்டுப் போங்கடா" என்பதுதான் அழைப்பு. மறுத்தால் களத்தில் தானியம் நின்றுபோகும். ஊருக்கு வெளியே இழுத்துப்போய்த் தோலை உரித்து, கறியைப் பங்கு போட்ட பிறகு மிச்சத்துக்குப் பாறு இறங்கும். தடித்த தோலை மனுசன் உரித்துக் கொடுத்தால் பறவைக்கு வேலை சுளுவு. கூட்டமாக வந்தால் சில மணி நேரத்தில் எலும்புதான் கிடக்கும். கிணறு, மாடு, சாதி, பறவை நான்கும் ஒரே சங்கிலி. அதைத்தான் சமநிலை என்கிறார்கள்.

அந்தச் சங்கிலி இரண்டு இடத்தில் அறுந்தது.

ஒன்றை நாமே அறுத்தோம். 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னார். ஊர் ஊராக நம்மவர்கள் அடியும் ஊர்விலக்கும் வாங்கிக்கொண்டு 'இனி தூக்க மாட்டோம்' என்றார்கள். பம்புசெட்டு வந்து கவலை போனது. டிராக்டர் வந்து உழவு மாடு குறைந்தது. சோளமும் கம்பும் விளைந்த காட்டில் குச்சிக்கிழங்கு ஏறியது. நாட்டு மாடு இருந்த கொட்டகையில் கலப்பினக் கறவை வந்து நின்றது.

இன்னொன்றை மருந்து அறுத்தது. 1980களில் வெண்முதுகுப் பாறுதான் உலகிலேயே அதிகமாக இருந்த பெரிய இரைகொல்லிப் பறவையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் சாலை வழியே எடுத்த கணக்கெடுப்புகளின்படி அதில் 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. காரணம், 1990களில் மாட்டு வைத்தியத்தில் மலிவாகப் புகுந்த டைக்ளோபினாக் என்கிற வலி மருந்து. மருந்தேறிய மாடு செத்தால் அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் ஆராய்ந்து 2004இல் இதை நிறுவினார்கள். நூறு சடலத்தில் ஒன்றில்கூட இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்குச் சொன்னது. பாறு வருசத்துக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு பருவத்துக்கு வர ஏறத்தாழ ஐந்து வருசம். விழுந்த இனம் எழுந்திருக்க முடியவில்லை.

2006இல் மாட்டுக்கான டைக்ளோபினாக்கை அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போட்டதால் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டையும் கால்நடைக்குத் தடுத்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பாறு பிழைத்திருப்பது பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான்.

பாறு போன இடத்தை நாய் பிடித்தது. சடலம் அழுகித் தண்ணீரில் கலந்தது. 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஏறக்குறைய 5 லட்சம் பேர் இதனால் செத்திருக்கலாம் என்று எயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2024இல் மதிப்பிட்டார்கள். விடியுமுன்னே தெருக்கூட்டப் போகிறவளையும் வாசலில் படுத்துத் தூங்குகிறவனையும்தான் நாய் முதலில் கடிக்கும். ஆகவே பாறின் சாவு நமக்கு அந்நியமான சங்கதி அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாறைக் கூலி வாங்காத துப்புரவுப் பறவை என்று புகழ்கிறார்கள். அது போன பிறகு அதன் வேலைக்கு விலை போட்டார்கள். நம் பாட்டன் பூட்டன் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைக்கு எந்த அறிஞர் விலை போட்டார்? விலைக்குப் பதில் கிடைத்தது என்ன? 2002இல் அரியானாவின் ஜஜ்ஜரில் மாட்டுத்தோல் சம்பந்தமாக ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016இல் குஜராத்தின் ஊனாவில் தோல் உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அப்போது குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஊர்ச் சுத்தம் யாருடைய உழைப்பால் நின்றது என்பது அன்றைக்கு எல்லார் மூக்குக்கும் எட்டியது.

உயிர்க்கூட்டங்கள் பெருகும், குறையும், இடம் மாறும். அது வரலாறு. பழைய நாளுக்கு அப்படியே திரும்ப முடியாது. திரும்பவும் நமக்கு ஆசை இல்லை. பாறு திரும்ப வரட்டும். நஞ்சில்லாத சடலம் அதற்குக் கிடைக்கட்டும். அந்தச் சடலத்தை ஊராட்சி வண்டியும் எந்திரமும் தூக்கட்டும். அதற்கு முறையான சம்பளத்தில் எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் எடுக்கட்டும். வானத்தில் பாறு வட்டம் போட, கீழே வளவுக்கு ஆள் வரக்கூடாது.