ஓரத்துல நின்னா முகம் ஏன் இழுபடுது? வீட்டுக்குள் போட்டோ எடுக்க லென்ஸ் வாங்கும் முன் கவனிங்க!

வீட்டு ஹாலில் நிச்சயதார்த்த குரூப் போட்டோ. நடுவில் நிற்கும் மாப்பிள்ளையும் பொண்ணும் பளிச்! ஆனால், ஓரத்தில் நிற்கும் அத்தைக்கு மட்டும் முகம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் கதவுநிலை வில் மாதிரி வளைந்திருக்கும். ரெண்டுக்கும் சேர்த்து, 'லென்ஸ் சரியில்லப்பா' என்று சொல்லிவிடுவோம். உண்மையில், இவை இரண்டும் வேறு வேறு பிரச்னைகள். அது தெரியாமல் காஸ்ட்லி லென்ஸ் வாங்கினாலும் அத்தை முகம் அப்படியேதான் இருக்கும்!

கோடு வளைந்தால்...

இதுதான் லென்ஸ் டிஸ்டார்ஷன். நேர்க்கோடு வெளிப்பக்கமாகப் புடைத்தால் 'பேரல்', அதாவது பீப்பாய் வடிவம். உள்பக்கமாகக் குழிந்தால் 'பின்குஷன்'. ஜூம் லென்ஸ்களில் பொதுவாக வைட் பக்கம் பேரலும், ஜூம் பண்ணும்போது பின்குஷனும் தலைகாட்டும். மரம், மலை என்று வெளியில் எடுத்தால் இது கண்ணிலேயே படாது. வீட்டுக்குள் சுவர், ஜன்னல், டைல்ஸ், பீரோ என எல்லாமே நேர்க்கோடு என்பதால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கவலை வேண்டாம். இப்போது வரும் பல கேமராக்கள் ஜேபெக் படத்தில் இதைத் தானாகவே சரிசெய்துவிடும். ரா ஃபைல் என்றால், லைட்ரூம் போன்ற சாஃப்ட்வேரில் லென்ஸ் ப்ரொஃபைலை ஆன் செய்தால் போதும். ஆனால், ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். மூலைகளில் ஷார்ப்னெஸ் சற்றுக் குறையும். அதனால் எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுங்க.

முகம் இழுபட்டால்...

இது லென்ஸின் குறை அல்ல. அகலமான காட்சியை, கோடுகள் நேராக இருக்கும்படி தட்டையான படத்தில் விரிக்கும்போது ஓரங்கள் இழுபட்டே ஆகும். எவ்வளவு விலை கொடுத்து வைட் லென்ஸ் வாங்கினாலும் இதே கதைதான். இன்னும் சொல்லப்போனால், பேரல் வளைவைச் சரிசெய்யும்போது ஓரத்து முகம் கூடுதலாகவே இழுபடும்! இதற்கு மருந்து, பின்னால் நகர்வதும் வைடைக் குறைப்பதும்தான். நகர இடமில்லையா? ஆட்களை நடுவில் நெருக்கமாக நிற்க வைத்துவிட்டு, ஓரத்தைச் சுவருக்கு விடுங்க.

எவ்வளவு வைட் வேணும்?

ஃபுல் ஃப்ரேம் கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்து, 10 அடி தள்ளி நின்றால் ஃப்ரேமுக்குள் வரும் அகலம் தோராயமாக இவ்வளவு:

- 16 மி.மீ: 22 அடி
- 24 மி.மீ: 15 அடி
- 35 மி.மீ: 10 அடி
- 50 மி.மீ: 7 அடி

ஆட்களை எடுக்க 24 முதல் 35 மி.மீ வரை வசதி. வாடகை விளம்பரத்துக்கு அறையை எடுக்க 16 முதல் 24 மி.மீ. அதற்கும் கீழே போனால் சின்ன ரூம்கூட கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். நேரில் வருபவர் ஏமாந்துபோவார். ஏ.பி.எஸ்-சி சென்சார் கேமராவா? லென்ஸ் மேல் போட்டிருக்கும் எண்ணை 1.5 ஆல் (கேனான் என்றால் 1.6) பெருக்கிப் பாருங்க. 18-55 கிட் லென்ஸின் 18, கிட்டத்தட்ட 27 மி.மீ-க்குச் சமம். ஹாலில் நாலு பேரை எடுக்க இதுவே தாராளம்!

கடையில் செய்ய வேண்டிய டெஸ்ட்

லென்ஸை அதன் அதிகபட்ச வைடில் வையுங்க. ஷெல்ஃப் அல்லது கதவுக்கு நேர் எதிரே நின்று, அதன் விளிம்பு ஃப்ரேமின் ஓரத்தை ஒட்டி வருமாறு ரா-வில் ஒரு ஷாட். அடுத்து, நண்பரை நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை நிறுத்தி எடுங்க. கேமராவை மேலேயோ கீழேயோ சாய்க்காதீங்க. சாய்த்தால் சுவர்கள் சரிந்து தெரியும். அந்தப் பழி லென்ஸ் மேல் விழும்!

இதே டெஸ்டை இன்றைக்கே உங்கள் போனில் 0.5x, 1x இரண்டிலும் செய்து பார்க்கலாம். 1x-ல் முகமும் சுவரும் ஓகே, பின்னால் நகரவும் இடம் இருக்கிறது என்றால், அல்ட்ரா வைட் லென்ஸுக்கு எடுத்துவைத்த பணம் உங்களுக்கு மிச்சம்!