பறங்கியர் அடுக்களையில் ஸைத்தூன்

பறங்கியர் என்றதும் நம் மரைக்காயர் குடும்பங்களுக்கு நினைவில் எழுவது பீரங்கிதான். 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்தவர்கள் கடல் வாணிபத்தை முஸ்லிம்களிடமிருந்து பறிக்க முனைந்ததும், 1600இல் நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரைக் கோவாவில் கொன்றதும் மறக்கத் தக்கவையல்ல. ஆயினும், அவர்தம் வீட்டு அடுப்பில் வேகும் மீனைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

போர்ட்டோ நகரத்துப் பக்குவம் இது. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஒரு நாளுக்கு மேல் நீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி உப்பகற்றுவர். முள் நீக்கி உதிர்த்துச் சூடான பாலில் இடுவர். ஸைத்தூன் எண்ணெயில் வதக்கிய வெங்காயம், பூண்டு, அவித்த உருளைக்கிழங்கு இவற்றோடு சேர்த்து, ரொட்டி சுடுவது போன்ற மூடிய அடுப்பில் வைப்பர். மேலே அவித்த முட்டையும் கறுத்த ஸைத்தூன் கனியும். கோமஸ் டி சா என்னும் மீன் வணிகர் பெயரால் இது வழங்குகின்றது. மிளகாய் கிடையாது, நம் நாவுக்குச் சற்றுச் சப்பென்றே இருக்கும்!

பெயர்களைக் கவனியுங்கள். அம்மரத்தை அவர்கள் ஒலிவெய்ரா என்பர். அது லத்தீன் வழி வந்தது. கனியோ அஸெய்தோனா; எண்ணெயோ அஸெய்த். அரபு ஓதத் தொடங்கிய சிறுவனும் இவற்றை அஸ்ஸைத்தூனா, அஸ்ஸைத் எனக் கண்டுகொள்வான். மரம் ரோமர் காலத்திலேயே அங்கிருந்தது. பிழிந்து விற்ற சந்தை அரபு பேசியது என்றே நாம் கொள்கின்றோம்.

லிஸ்பன் 1147இல் கைமாறிற்று. அல்ஃகர்ப் என்னும் தென்பகுதி 1249இல். 1496இல் மன்னர் மனுவேல் முஸ்லிம்களை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். மறு ஆண்டே வாஸ்கோ ட காமாவைக் கப்பலேற்றியவரும் அவரே. மக்கள் போயினர். எண்ணெய்ப் புட்டியின் மேல் இன்றும் அஸெய்த் என்றே எழுதுகின்றனர்.