பிறவிக் குற்றவாளி என்று ஒருவன் உண்டா?



உயர்தரப் பெறுபேறு வந்ததும் பிள்ளைகள் ஆசிரியர்களாகிய நம்மிடம் வந்து, குற்றவியலையும் உளவியலையும் சேர்த்துப் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். தொழில் வாய்ப்பை மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. இந்த இரண்டு துறைகளும் ஏன் ஒன்றையொன்று தேடின என்ற வரலாற்றையும் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

1876 இல் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 'குற்றவாளி மனிதன்' என்ற நூலை வெளியிட்டார். கைதிகளின் மண்டையோடு, தாடை, காது, கை நீளம் எல்லாவற்றையும் அளந்து பார்த்தவர் அவர். சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள், அதை அவர்களது உடலே காட்டிக் கொடுக்கும் என்றார். ஐரோப்பாவில் பலர் அதை நம்பினார்கள்.

அதை அசைத்ததும் அளவுநாடாதான். ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்ள்ஸ் கோரிங் 3,000 இற்கும் மேற்பட்ட கைதிகளை அளந்தார். பல்கலைக்கழக மாணவர்கள், படைவீரர்கள் போன்றோரின் அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டார். குற்றவாளிக்கென்று தனியான முகமோ உடலமைப்போ இல்லை என்ற அவரது முடிவு 1913 இல் வெளிவந்தது.

முகத்தில் காரணம் இல்லையென்றால் வேறு எங்கே தேடுவது? அந்தத் தேடல் அமெரிக்காவின் சிக்காகோவில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அந்நாட்டின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் 1899 இல் அங்குதான் அமைந்தது. தண்டனை கொடுப்பதைவிட, இந்தப் பிள்ளை ஏன் இப்படிச் செய்தது என்று அறிவதே அதற்குப் பெரிய சிக்கலாக இருந்தது. 1909 இல் வில்லியம் ஹீலி என்ற மருத்துவரின் பொறுப்பில் அதற்கென ஒரு நிலையம் திறக்கப்பட்டது. பிள்ளையின் உடல்நலம், அறிவாற்றல், குடும்பம், பாடசாலை, நண்பர்கள் எல்லாம் விசாரிக்கப்பட்டன. பிள்ளை தன் கதையைத் தானே சொல்லவும் இடம் தரப்பட்டது. 1915 இல் வெளியான தன் நூலில் ஹீலி சொன்னது இதுதான்: எல்லாருக்கும் பொருந்தும் ஒரே காரணம் கிடையாது, ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன.

அடுத்தது லண்டன். 1961 இல் தெற்கு லண்டனின் உழைக்கும் மக்கள் பகுதியில் 8, 9 வயதுப் பையன்கள் 411 பேரைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பின்தொடரத் தொடங்கினர். உளமருத்துவர் டொனால்ட் வெஸ்ட் தொடங்கிய வேலையை உளவியலாளர் டேவிட் ஃபாரிங்டன் பல தசாப்தங்கள் முன்னெடுத்தார். வறுமை, கவனிப்பற்ற வளர்ப்பு, படிப்பில் பின்னடைவு ஆகியவை சேரும்போது ஆபத்து கூடுவது தெரிந்தது. ஆனால் அத்தனை கஷ்டத்திலும் குற்றத்துக்குப் போகாமல் வளர்ந்தவர்களும் அதே பையன்களுக்குள் இருந்தார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். ஏறத்தாழ ஒரே அளவு தவறு செய்த பையன்களில், நீதிமன்றத்தில் குற்றவாளி என்று பெயர் வாங்கியவர்களே பின்னர் கூடுதலாகத் தவறு செய்தார்கள். திருத்துவதற்காகச் சூட்டிய பெயர், சிலரை அந்தப் பெயருக்குள்ளேயே தள்ளிவிட்டது.

ஆசிரியர் ஓய்வறையில் நாம் பேசுவதை இங்கே யோசித்துப் பார்ப்போம். "அவன்ட வாப்பாவும் அப்படித்தான், இவனும் உருப்பட மாட்டான்." இது கையில் அளவுநாடா இல்லாத லொம்ப்ரோசோ. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில், தூய இயல்பில் பிறக்கிறது என்று நம்பும் நமது வாயில் இந்தப் பேச்சு எப்படி வந்தது?

ஆகவே, கேட்கும் பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே படியுங்கள் என்போம். உளவியலை மட்டும் படித்தால் குறை முழுவதும் அந்தப் பிள்ளைக்குள் இருப்பதாகத் தோன்றும். வறுமையும் சட்டமும் பொலிசும் மறந்துபோகும். குற்றவியலை மட்டும் படித்தால் கூட்டமும் கணக்கும் தெரியும். அந்த ஒரு பிள்ளையின் மனம் தெரியாமல் போகலாம்.

நாம் பல்கலைக்கழகம் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக்கு ஒழுக்காற்றுப் பதிவில் 'திருடன்' என்று எழுதாமல், 'நண்பனின் பேனையைக் கேட்காமல் எடுத்தான்' என்று எழுதுவோம். எழுதிய பிறகு, ஏன் எடுத்தாய் என்று அவனிடமே கேட்போம். பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.