மெக்காலே பெயரில் வழங்கும் இணையக் கூற்று: நம்பகமும் சார்பும்

இந்தியாவின் நெடுகிலும் பயணம் செய்தும் ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை என்றும், இந்நாட்டின் மரபுக் கல்வியைச் சிதைத்தாலன்றி இதனை வெல்ல இயலாது என்றும் மெக்காலே 1835 பிப்ரவரி 2 அன்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் உரையாற்றியதாக ஒரு கூற்று இணையத்தில் நெடுநாளாக உலவுகிறது. மேடைகளிலும் அது எடுத்தாளப்படுகிறது.

இதனைச் சோதிக்க, அதில் குறிக்கப்பட்டுள்ள நாளே போதும். சட்ட உறுப்பினராகப் பொறுப்பேற்க வந்த மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கினார். மைசூர் வழியாக உதகமண்டலம் சென்று தலைமை ஆளுநர் பென்டிங்கைச் சந்தித்து, அங்குச் சில காலம் தங்கியபின் கல்கத்தா சேர்ந்தார். இங்கிலாந்து திரும்பியது 1838இல். குறித்த நாளில் அவர் இலண்டனில் இல்லை, நாடாளுமன்றமும் இல்லை. 1834 டிசம்பர் இறுதியில் அது கலைக்கப்பட்டிருந்தது. புதிய அவை 1835 பிப்ரவரி 19 அன்றே கூடியது.

எனினும் அந்நாள் கற்பனையன்று. கல்கத்தாவில் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்புரை அதே நாளிட்டது. மெய்யான ஆவணத்தின் நாளைப் போலிக் கூற்று கடன் பெற்றுள்ளது. குறிப்புரையிலோ இந்தியாவைப் பற்றிய அத்தகைய புகழ்ச்சி எதுவும் இல்லை. வடமொழியும் அரபியும் தாம் அறியாதவை என ஒப்புக்கொண்டே, அம்மொழிகளின் நூற்செல்வத்தை ஐரோப்பிய நூல்களுக்கு மிகக் கீழே வைக்கிறார் அவர்.

நம்பகமும் சார்பும் வெவ்வேறு வினாக்கள் என்பது இங்குப் புலனாகும். குறிப்புரை மெய்யானது, ஆயினும் கடுஞ்சார்புடையது. அச்சார்பே காலனியக் கல்விக் கொள்கையை ஆய்வோர்க்கு முதன்மைச் சான்று. போலிக் கூற்று 1835ஐப் பற்றி எதுவும் உணர்த்துவதில்லை. வறுமையற்ற பொற்காலம் ஒன்றிருந்தது என நம்ப விழையும் இக்கால மனநிலைக்கே அது சான்றாகும். பகைவர் வாயிலாகவே நற்சான்று கிடைப்பதால் அது எளிதில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

பல தளங்களில் காணப்படுகிறதே என்பர் சிலர். சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இதற்கு விடை தெரியும்: ஒரே மூல ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த பத்து ஏடுகள் பத்துச் சான்றுகள் ஆகா. தளந்தோறும் பெரும்பாலும் சொல் மாறாத ஒரே ஆங்கில வாசகம் வருவது படியெடுப்பையே காட்டுகிறது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் ஹன்சார்டு பதிவுகளும் அதே இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் 1835ஆம் ஆண்டின் நடவடிக்கைகள் பிப்ரவரி 19இல்தான் தொடங்குகின்றன.