எண்டோஸ்கோப்பியில் தெரிவது நிஜ அளவா?

1957-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் ஆன எண்டோஸ்கோப்பைத் தானே விழுங்கிப் பார்த்தார். (துணிச்சல்காரர்தான்!) அதில் ஒவ்வொரு இழையும் படத்தில் ஒரு புள்ளி. இழை உடைந்தால் அங்கே கரும்புள்ளி.

1983-இல் வெல்ச் ஆலின் நிறுவனம் குழாய் நுனியில் சிசிடி சில்லை வைத்தது. படம் மின்சமிக்ஞையானதால் கணினியில் திருத்தவும் வழி பிறந்தது.

ஆனால் அகலக்கோண லென்ஸ் ஓரத்தில் இருப்பதைச் சுருக்கிக் காட்டும். கதவு லென்ஸில் எட்டிப் பார்த்திருப்பீர்களே, அதே கதை. பெருங்குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சி 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் புற்றுநோய் அபாயம் கூடுதல். அடுத்த பரிசோதனையைச் சீக்கிரமே வைப்பார்கள். அதுவே ஓரத்தில் 8 மி.மீ.யாகத் தெரிந்தால்?

கட்டம்போட்ட அட்டையை முதலில் படமெடுத்து, வளைந்த கோடுகளை நேராக்கும் கணக்கைக் கண்டுபிடித்து, அதையே குடல் படத்துக்கும் போடுவதுதான் திருத்தம். தூரம் தெரியாவிட்டால் அதுவும் போதாது. அதனால்தான் திறந்த ஃபோர்செப்ஸைப் பாலிப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.