சான்றிதழுக்கு முந்தைய கடமை: பெருமூளைப் பார்வைக் குறைபாடும் 2016ஆம் ஆண்டுச் சட்டமும்

பெருமூளைப் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடமில்லை என்ற கருத்து சிறப்புக் கல்வி ஆய்வுகளில் வேரூன்றிவிட்டது. சட்டத்தின் அட்டவணை பார்வைக் கூர்மையையும் பார்வைப் புலத்தையும் மட்டுமே அளக்கிறது. கண் நலமாயிருந்து மூளையின் பார்வைப் பாதை பழுதுற்ற பிள்ளை அதற்குள் அடங்காது என்பது அவ்வாதம். அதை ஏற்பதற்கில்லை.

அட்டவணை அளவைக் கேட்கிறதேயன்றிப் பழுது எங்கே உள்ளதென்று கேட்பதில்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறியோ, குறைமாதத்தில் பிறந்தோ, பச்சிளம் பருவத்தில் சர்க்கரை தாழ்ந்தோ பாதிப்புற்ற பிள்ளையின் கூர்மை, கண்ணாடி அணிந்தும் நல்ல கண்ணில் 6/18ஐத் தாண்டாவிட்டால் அவர் ஏற்கெனவே அட்டவணைக்குள் இருக்கிறார். சிக்கல் மற்றவர்களுக்கே. மருத்துவமனையில் 6/12 வரி வரை படிக்கும் பிள்ளை, பாடநூலின் நெருக்கமான பக்கத்தில் அதே எழுத்தைத் தேடித் திணறுகிறது. கீழ்ப்புலம் தெரியாத பிள்ளை, ஆவடி ரயில் நிலையப் படிகளில் காலால் துழாவி இறங்குகிறது. காலையில் கண்டதை மாலையில் காணாத பிள்ளையை, ‘நடிக்கிறான்’ என்கிறது வகுப்பறை.

இவர்களுக்கு அட்டவணை உதவாது. உதவுவது பிரிவு 2(s). நீடித்த புலன் குறைபாடு, சூழலிலுள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது அது. விழுக்காடு எதையும் விதிக்கவில்லை. 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு பிரிவு 2(r)இல் தனியே வருகிறது. இலவசக் கல்வி பற்றிய பிரிவு 31 அந்த 40 விழுக்காட்டைக் கோருகிறது. தனிப்பட்ட தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்யச் சொல்லும் பிரிவு 16 கோரவில்லை. ஒரே சட்டம் இரு இடங்களில் இரு வரையறைகளை ஆளும்போது அதைக் கவனக்குறைவென்று ஒதுக்குவது சரியான வாசிப்பாகாது. அட்டவணை தேவையற்றது என்பதன்று என் வாதம். உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் அது வேண்டும். அம்பத்தூரில் ஒரு பள்ளி, பிள்ளையின் இருக்கையை மாற்ற அதன்படியான சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்பாடுகளும் எளியவை. தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பறைகளில் சுவரை நிறைக்கும் படங்களும் அட்டைகளும் பிற பிள்ளைகளுக்கு விருந்து, இப்பிள்ளைக்கு இரைச்சல். வெற்றுச்சுவரை நோக்கிய இருக்கை, ஒரு பக்கத்துக்கு ஒரே கணக்கு, பதிலுக்குக் கூடுதல் நேரம் போதும். வீட்டில் கருப்புத் துணிமேல் ஒரே ஒரு மஞ்சள் கிண்ணம். பிள்ளை பார்க்கும்வரை பேச்சையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவைத்தல். கேட்டுக்கொண்டே பார்ப்பது இவர்களில் பலருக்குக் கடினம். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அருகிலேயே இருப்பதால், ‘அங்கே சேர்த்துவிடுங்கள்’ என்பது எளிதில் கிடைக்கும் அறிவுரை. எஞ்சிய பார்வையைப் பழக்கினால் பயன்படுத்தக்கூடிய பிள்ளைக்கு பிரெய்லை முதல் விடையாக்குவது அவசரம்.

சான்றிதழின்றிச் சலுகை கொடுத்தால் போலிகள் பெருகும் என்பர். வெற்றுச்சுவர் பக்கம் உட்காரப் போலிச் சான்று தேடுபவர் எவருமில்லை. ஆசிரியருக்குச் சுமை என்ற மறுப்புக்குச் சட்டமே விடை வைத்திருக்கிறது: அளவுமீறிய சுமையை அது கேட்கவில்லை. ஆகவே திருவள்ளூர் மாவட்டத்தின் மதிப்பீட்டு முகாம்களில் கண் அட்டையோடு, வகுப்பறையில் பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்ற ஆசிரியர் குறிப்பும் பதிவாக வேண்டும். பள்ளியின் ஏற்பாடு அக்குறிப்பு எழுதப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும்.